தூக்கிவிடச் சொன்ன புள்ளி

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'அன்று கடல் அமைதியாக...' [அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. கடல் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?]

இரண்டாவது: 'ஆழிப்பேரலையின் வேகத்தைத் தரும் சமன்பாடு...' [எனக்கே தூக்கம் வருகிறது.]

மூன்றாவது: ஒரு தையல்கடை. அதன் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு. சுனாமித் தண்ணீர் நின்ற மட்டம். [இதுவே இருக்கட்டும்.]

2.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று எங்கள் கணினியில் உள்ள மாதிரி, அதாவது மாடல், கணக்குப் போடும். அதை நம்பலாமா என்று பார்க்க, ஏற்கெனவே வந்துபோன சுனாமியை அதில் ஓடவிட்டு, அது சொல்லும் உயரத்தைச் சுவர்களில் உள்ள கோடுகளோடு ஒப்பிடுவேன். படத்தில் ஒரு சுவருக்கு ஒரு புள்ளி; கணக்கும் சுவரும் ஒன்றையே சொன்னால் புள்ளி சாய்கோட்டின் மேல் விழும். ஒத்துப்போனால் அதை வைத்து அபாய வரைபடம் தயாராகும். வரைபடத்தில் நீலம் விழும் தெருக்களுக்கு மட்டும்தான் அபாயச் சங்கு.

அந்தத் தையல்கடையை நடத்தும் அக்காவின் தெருவில் நீலம் விழவில்லை. மாதிரியைக் கேட்டால், அங்கே தண்ணீரே வரவில்லை.

காரணம் கிடைத்தது. எங்கள் மாதிரி, ஊரைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம் என்று வைத்துக்கொள்கிறது. கடைக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஒரு சதுரத்தைவிடக் குறுகல். ஆகவே கணினிக்கு அது தரை. தண்ணீர் வந்த வழியையே நாங்கள் தூர்த்துவிட்டோம்.

3.

மறுபடியும் டேப்பும் கையுமாக நான் போய் நின்றபோது அக்கா சிரித்துவிட்டார்.

"வாம்மா. சட்டைக்கே நான் ஒரு தடவதான் அளவெடுப்பேன். என் செவுத்துக்கு எத்தன தடவ?"

"ஒரு சந்தேகம்க்கா. தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"பின்னால இருந்து. நாங்க எல்லாரும் கடலையே வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கிறோம், அது முதுகுல வந்து அடிக்குது." கடைதான் வீடும். உள்ளே கட்டிலில் படுத்திருந்த தன் அம்மாவைக் காட்டினார். "அப்ப இவங்களுக்கு நடக்க முடிஞ்சுது. தப்பிச்சோம். இப்ப நான்தான் தூக்கிட்டு ஓடணும். எங்க தெருவுக்குச் சங்கு எப்பம்மா வைக்கிறீங்க?"

[இங்கே என் பதில் வர வேண்டும். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.]

4.

எங்கள் துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தரகர்'. கல்யாணத் தரகர் மாதிரி எப்போதும் பொருத்தம் பார்ப்பார்.

"பொருத்தம் பிரமாதமா வந்திருக்கு. இந்த ஒரு புள்ளிதான் கெடுக்குது. தூக்கிடும்மா."

"சார், பின்னால ஒரு கால்வாய்..."

"அல மோதித் தெறிச்ச தண்ணியா இருக்கும்."

"தெறிச்ச தண்ணி நாலு செவுத்துலயும் ஒரே மட்டமா கோடு போடுமா சார்?"

[கடைசி வரி கதைக்காகச் சேர்த்தது. நான் சொன்னது: "சரி சார்."]

கண்டதை வைத்துக் கணக்கைச் சோதிக்கத்தான் எனக்குச் சம்பளம். இங்கே கணக்கை வைத்துக் கண்டவரைச் சோதிக்கிறார்கள். சோதனையில் சுவர் தோற்றுவிட்டதாம்!

5.

இதுவரை எழுதியதை அண்ணனிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தையல்காரம்மா எதுக்குடி? அவங்கள எடுத்துட்டா கத வழுக்கிட்டு ஓடும்."

"நீயுமா?"

"என்ன நீயுமா?"

பேப்பரைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா இருப்பார். கதை தடுக்கி விழட்டும்.

6.

முடிவுகள்.

அ) நான் எழுந்து முழங்குகிறேன், எல்லோரும் கைதட்டுகிறார்கள். [என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.]

ஆ) மறுபடியும் சுனாமி வருகிறது. சங்கு ஊதாத தெருவில் அக்கா, அம்மாவைத் தூக்கிக்கொண்டு... [எழுத மாட்டேன். அவர் சொன்னது உண்மை என்று காட்ட இன்னொரு அலை வர வேண்டுமா? ஒரு தடவை மூழ்கியது போதாதா?]

இ) இப்போது, கூட்ட அறை. வரைபடத்துக்கு ஒப்புதல் தரப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். என் கணினியில் இரண்டு படங்கள்: புள்ளி இருப்பது, இல்லாதது.

"படத்தப் போடும்மா" என்கிறார் தரகர்.

இருப்பதைப் போட்டுவிட்டேன். சாய்கோட்டிலிருந்து எங்கோ தள்ளி, தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. தரகர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கிறார். அடுத்த படத்துக்குப் போ என்று விரலை ஆட்டுகிறார்.

தானாக எழுந்து பேச எனக்கு வராது. ஆனால் யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. [ஒருவரைத் தவிர.]

இந்த அறையில் எங்கள் இருவரையும் தவிர அந்தப் புள்ளியைப் பற்றித் தெரிந்தவர் இப்போது, இதைப் படிக்கும் நீங்கள்தான். இன்னும் படத்தை மாற்றவில்லை. கேளுங்கள்: அது யார் வீட்டுச் சுவர்?