அக்கா வீட்டில் ஓடாத டிஸ்க்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் என் கண்ணாடிக்காகக் காத்திருந்தபோது, கவுன்டருக்குப் பின்னால் நின்ற விற்பனையாளர் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கா, நீ முதல்ல அழாத. ட்ரேயைத் திற. டிஸ்க்கை வெளிய எடு. இப்ப மூச்சு விடு."

அதற்குள் என் கண்ணாடி வந்துவிட்டது. மரியாதையாக எழுந்து வரவேண்டியதாயிற்று. ஆகவே அக்கா ஏன் அழுதார், டிஸ்க்கில் என்ன இருந்தது, இதெல்லாம் என் கைச்சரக்கு. அந்த மனிதர் இதைப் படித்தால் என்மேல் வழக்குப் போடலாம். பாவம், நல்ல மனிதர், போடமாட்டார்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மழை ஓய்ந்த அந்த மாலையில், ஒளித்தட்டின் வட்டத்துக்குள் காலம் சுழன்று சுழன்று—"

வேண்டாம். எந்த வீட்டிலும் யாரும் ஒளித்தட்டு என்று சொல்வதில்லை. டிஸ்க் என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு இப்படி:

"கண்ணாடி விற்கும் அவருடைய கண்களில் இனம்புரியாத ஒரு சோகம்—"

இதற்கு நீங்கள் என்னை அடித்தாலும் தகும். கடைசியில் தோற்றுப்போய் இப்படி எழுதினேன்: விஞ்ஞானி ஒரு டிஸ்க் எழுதினார்.

விஞ்ஞானி என்பது அந்த விற்பனையாளரின் பட்டப்பெயர். அக்கா வீட்டுக்காரர் வைத்தது. ஒருமுறை இவர் மிக்ஸியைப் பழுது பார்த்ததில் பக்கத்து வீட்டிலும் விளக்கு அணைந்தது. மாமா கிண்டலுக்கு வைத்த பெயரை இவர் பட்டமளிப்பு விழாபோல ஏற்றுக்கொண்டார்.

3.

டிஸ்க்கில் இருந்தது அம்மா. அம்மா ஸ்கூட்டர் ஓட்டப் பழகும், டேப்பில் எடுத்த பழைய வீடியோ. படம் எடுத்தது விஞ்ஞானிதான் என்பதால் பாதிப் படம் தரை, கொஞ்சம் கட்டைவிரல். மிச்சத்தில், வீட்டுக்கு முன்னால் இருக்கும் சந்தில் அம்மா கோணல்மாணலாகப் போகிறார். "டேய், நிறுத்துறது எப்படின்னு சொல்லாம கிளப்பி விட்டுட்டீங்களேடா!" என்று கத்துகிறார். பின்னாலேயே அக்கா ஓடுகிறார். சுவரில் போய் மெல்ல முட்டி நின்றதும் அம்மா சிரிக்கிறார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

அம்மா இப்போது இல்லை. அந்தக் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை.

விஞ்ஞானி ஒரு பழைய மெஷின் வாங்கினார். ஒரு பக்கம் டேப் போடலாம், மறுபக்கம் டிஸ்க்கில் ஏறும். தனக்கொன்று அக்காவுக்கொன்று என்று இரண்டு டிஸ்க் எழுதினார். அதற்குப் பிறகு டேப்பைப் பின்னால் சுற்றப்போய், மெஷின் அதை மென்று துப்பிவிட்டது. (இது என் சதி. டேப் பிழைத்திருந்தால் கதை இல்லை. எழுத்தாளர்கள் நல்லவர்கள் என்று யார் சொன்னது?)

4.

அக்காவின் டிஸ்க் அக்கா வீட்டில் ஓடவில்லை.

"டிஸ்க் இல்லைங்குதுடா. என் கையாலதான் உள்ள வச்சேன், இல்லவே இல்லைன்னு சாதிக்குது."

"எந்தப் பக்கம் மேல வச்ச?"

"பளபளன்னு இருக்கிற பக்கம்."

"ஐயோ அக்கா! அது கீழ போகணும்."

"கீழ வச்சா யாரு பார்ப்பா?"

திருப்பி வைத்தும் ஓடவில்லை. விஞ்ஞானி விசாரணையைத் தொடங்கினார்.

"துடைச்சியா?"

"துடைச்சேனே, புடவைத் தலைப்பால."

"சுத்திச் சுத்தியா? அடிப்பாவி! நடுவுல இருந்து வெளிய, நேர்கோடாத் துடைக்கணும்!"

கடையிலிருந்து மெல்லிய துணியும் கண்ணாடி துடைக்கும் திரவமும் கொடுத்தனுப்பினார். கண்ணாடி துடைக்கிற கைக்கு உலகத்தின் எல்லாக் கோளாறும் அழுக்காகத்தான் தெரியும். அதுவும் பலிக்கவில்லை. பிறகு அக்காவின் பிளேயரைச் சந்தேகித்தார். ஒயரைச் சந்தேகித்தார். மின்சாரத்தைச் சந்தேகித்தார். கடைசியில் மாமாவையே சந்தேகித்தார். தன்னை மட்டும் மறந்தும் சந்தேகிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

5.

ஞாயிற்றுக்கிழமை அக்கா டிஸ்க்கை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். தம்பியின் மெஷினில் போட்டதும் சமர்த்தாக ஓடியது.

"பார்த்தியா? கோளாறு உன் வீட்டுலதான்!"

அம்மா சுவரில் முட்டிச் சிரித்ததும் அக்கா அழுதார். அழுதுகொண்டே, "அப்ப எனக்கு எவ்வளவு மெலிஞ்ச இடுப்பு பாருடா" என்றார். மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். விஞ்ஞானியின் மனைவி, "அண்ணி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும்.

இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா இருந்தவரை அக்கா அந்த வீட்டுக்கு வராத வாரம் கிடையாது. அம்மா போனதும் வருவது நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. சண்டை இருந்தால் சமாதானம் பேசவாவது வருவார்கள். அம்மாவைப் பார்க்க வந்த வீட்டுக்கு இனி யாரைப் பார்க்க வருகிறேன் என்று சொல்வது? அக்காவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்க்க வா என்று சொல்லத் தம்பிக்கும் வாய் வரவில்லை. இப்போது டிஸ்க் இருந்தது.

6.

ஒரு நாள் மெஷினின் பொத்தான்களையெல்லாம் வரிசையாக அமுக்கிக்கொண்டிருந்த விஞ்ஞானிக்கு உண்மை அகப்பட்டது. திரையில் ஒரு கேள்வி வந்தது: ஃபைனலைஸ் செய்யவா?*

* வீட்டில் எழுதும் டிஸ்க்குக்குக் கடைசியில் இப்படி ஒரு முத்திரை வைக்க வேண்டும். "எழுதி முடித்தாயிற்று" என்பதற்கு அடையாளம். வைக்கும்வரை அது எழுதிய மெஷினில் மட்டும் ஓடும், மற்றதெல்லாம் அதை வெற்றுத் தட்டு என்று நினைத்துக்கொள்ளும். வைத்துவிட்டால் எங்கும் ஓடும், ஆனால் புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது. (என் அலமாரியில் முடிக்காத நாவல்கள் இருக்கின்றன. என் வீட்டில் அவை பிரமாதமாக ஓடுகின்றன.)

ஒரு பொத்தான். அதை அமுக்கினால் அக்கா வீட்டில் அம்மா சிரிப்பார்.

விஞ்ஞானி "இல்லை" என்பதை அமுக்கினார்.

இந்த இடத்தில் எனக்கும் அவருக்கும் தகராறு. நான் அவரை ஒரு முட்டாளாக மட்டும் எழுதத் திட்டமிட்டிருந்தேன். முட்டாள்களை எழுதுவது சுகம், வாசகர் சிரிப்பார், நாமும் உயர்ந்தவர்கள் ஆவோம். அவர் திடீரென்று எல்லாம் தெரிந்த திருடன் ஆகிவிட்டார். அந்த ஞாயிறு, "உன் பிளேயர்ல லேசர் பலவீனம் அக்கா, அது தேறாது" என்று கூசாமல் புளுகினார். அக்காவும், "அப்ப இங்கயே பார்த்துக்கிறேன்" என்றார். சலித்துக்கொண்டு சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா? எழுதிய எனக்கே தெரியவில்லை.

7.

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மனைவிகளுக்குத் தெரியாமல் கதையில் ஏதாவது நடந்தால் அந்தக் கதையை நம்பாதீர்கள்.

"அந்தப் பொத்தானை அமுக்கினா அண்ணி வீட்டுலயும் ஓடும்ல?"

"அதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிஞ்சதாலதான் கேக்குறேன். மெஷின் கரகரன்னு கத்துது, கவனிச்சீங்களா? இது செத்துப்போச்சுன்னா அத்தை குரல் எங்க ஓடும்?"

எங்கும் ஓடாது. விஞ்ஞானிக்கு அது தெரியும். அமுக்கினால் அக்கா வரமாட்டார். அமுக்காவிட்டால் ஒரு நாள் அம்மாவும் போய்விடுவார். வேலையில் கை ஓடாமல், தூரப்பார்வைக்கு வந்தவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். (அந்த வாடிக்கையாளர் வேறு கதை. படியில் இடறினார், அவ்வளவுதான்.)

8.

அடுத்த ஞாயிறு, அம்மா சிரிக்கப்போகும் சமயத்தில் படம் உறைந்தது. வாய் திறந்தபடி அம்மா நின்றார். மெஷின் உள்ளே எதையோ அரைத்தது. அக்கா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தார். நல்லவேளை, கொஞ்சம் திணறிவிட்டு அம்மா சிரித்து முடித்தார்.

அக்கா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனதும் விஞ்ஞானி அந்தக் கேள்வியைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஆம், இல்லை. ரிமோட்டில் கட்டைவிரலை வைத்தார். அதற்குள் அக்கா திரும்பி வந்துவிட்டார்.

"என்னடா இது, ஏதோ கேட்டுக்கிட்டு நிக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. அது சும்மா கேக்கும்."

"கேட்டா பதில் சொல்லணும்ல?"

ரிமோட்டை வாங்கி "ஆம்" என்பதை அமுக்கிவிட்டார். சத்தியமாக நான் இதை எழுதவில்லை. இரண்டு பக்கம் அவரைத் தவிக்கவிட நினைத்திருந்தேன், இந்த அம்மாள் பொசுக்கென்று முடித்துவிட்டார்.

திரையில் ஒரு கோடு மெல்ல நிறைந்தது. மனைவியும் வந்து சேர, மூவரும் சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். ட்ரே திறந்தது.

"இனிமே உன் வீட்டுலயே ஓடும்க்கா," என்றார் விஞ்ஞானி.

"ஓ," என்றார் அக்கா. டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றினார். "அப்ப நல்லதாப் போச்சு. வாராவாரம் வந்து உங்களுக்கும் தொந்தரவு."

"தொந்தரவு என்ன தொந்தரவு," என்றார் தம்பி. எல்லோரும் சொல்வதுதான், சொல்லாததற்குச் சமம்.

9.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மெஷின் அன்றே செத்தது, விஞ்ஞானியின் சொந்த டிஸ்க் முத்திரையில்லாமல் மாட்டிக்கொண்டது, இனி இவர் அக்கா வீட்டுக்கு வாராவாரம் போகிறார். ரொம்ப வசதியான முடிவு. வசதியாக இருப்பதால் கிழித்தேன். இன்னொன்றில், அக்காவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். கைதட்டல் விழும், ஆனால் அக்கா அப்படி நடிப்பவர் இல்லை.

மிச்சம் இருப்பது விஞ்ஞானி பேச வேண்டிய ஒரே ஒரு வசனம். "அடுத்த வாரம் வேற படம் மாத்தித் தரேன் வா" என்று எழுதினேன். அது மறுபடியும் டிஸ்க். "உன் பிளேயரைக் கொண்டா, பார்க்கிறேன்" என்று எழுதினேன். அது பொய். ஒரு காரணமும் இல்லாமல் வரச்சொல்ல இவர்கள் வீட்டில் யாரும் பழகவில்லை. என் வீட்டிலும் பழகவில்லை, அதனால் எனக்கும் எழுத வரவில்லை.

உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? அலங்காரம் வேண்டாம், பேச்சுவழக்கில் ஒரு வரி போதும். அக்கா பையைத் தோளில் மாட்டியாயிற்று. ஒரு செருப்பு காலில் ஏறிவிட்டது, இன்னொன்றைத் தேடுகிறார். இவர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.