பொட்டலத்தில் வந்த துருக்கிக்காரன்

துருக்கிக்காரன் சட்டையைக் கழற்றினால் நெரெய்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள். புருஷன் எரிபெர்த்தோ இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷமாக அவரும் அவள் எதிரில்தான் சட்டையைக் கழற்றுகிறார். ஒரு நாளும் அவள் கோப்பையைக் கீழே வைத்ததில்லை.

அவன் ஒரு துருக்கி டிவி நாடகத்தின் கதாநாயகன், வாரா வாரம் பொட்டலத்தில் வந்தான். ஹவானாவில் யாரோ இணையத்திலிருந்து நாடகம், சினிமா, பாட்டு, குரங்குச் சேட்டை எல்லாவற்றையும் அள்ளி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடைத்து பஸ்ஸில் ஏற்றுவார்கள். அதற்குப் பெயர்தான் பொட்டலம், நாடு முழுக்கப் போகும். பிளாசேட்டஸ் ஊருக்குத் திங்கட்கிழமை வந்துவிடும். யாமிலா தன் வீட்டு முன்னறையில் கணினி வைத்துக்கொண்டு, கொண்டுபோகிற பென் டிரைவில் கேட்டதை ஏற்றித் தருவாள். ரொட்டி வரிசைக்கு நெரெய்தா, யாமிலா வீட்டுக்கு எரிபெர்த்தோ என்று வேலையைப் பிரித்திருந்தார்கள். அதாவது, பெண்டாட்டி வாய் பிளந்து பார்க்கிற ஆளை அவரே போய் அழைத்துக்கொண்டு வந்தார்.

அந்தத் திங்கட்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை.

"துருக்கிக்காரன் வேணாம்மா. அந்த எடத்துல வேற ஏதாச்சும் போடு."

"நெரெய்தா அக்கா என்னைக் கொன்னுடுவாங்க."

"வரலைன்னு நான் சொல்லிக்கிறேன். உனக்கென்ன?"

யாமிலா தோளைக் குலுக்கிவிட்டு மல்யுத்தம் ஏற்றினாள். மிச்ச இடத்தில், காட்டுக்குள் குச்சியால் நீச்சல் குளம் தோண்டுகிற ஒருவனையும் பீர் கேட்கிற கிளியையும் போட்டாள்.

"இந்த வாரம் அவன் வரல. ஹவானாவுலயே விட்டுட்டாங்களாம்" என்றார் வீட்டில். நெரெய்தா நம்பினாள். கிளியைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள்கூட.

மனுஷன் கோட்டை விட்டது இங்கேதான். கியூபாவில் எந்தப் பொய்யும் சொல்லலாம், பொட்டலத்தைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. நாட்டுக்கே ஒரே பொட்டலம். மறுநாள் ரொட்டி வரிசையில் முன்னால் நின்றவள் துருக்கிக்காரன் தம்பிக்குச் செய்த துரோகத்தை ஆரம்பித்தாள், பின்னால் நின்றவள் முடித்து வைத்தாள். நடுவில் நின்ற நெரெய்தா ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"மல்யுத்தம் எப்படி இருக்கு, கிழவா?"

"பரவாயில்ல."

"பாரு. நல்லாப் பாரு."

சாயங்காலம் தன் ஆடும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நாடகம் பார்க்க எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

எதிர்வீட்டில் லியோன்சியோ. பெண்டாட்டியை இழந்தவர். சட்டைக்குக் கஞ்சி போடுகிறவர். வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல். துருக்கிக்காரனாவது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தான், இவன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிட்டது.

எரிபெர்த்தோ மல்யுத்தத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தெருப் பக்கம் காதை வைத்தார். அவள் சிரிப்பது கேட்டது. அப்போது கரண்ட் போயிற்று. தெருவே வைதது, அவர் மட்டும் சந்தோஷப்பட்டார். டிவி அணைந்தால் பெண்பிள்ளை வீடு திரும்பித்தானே ஆக வேண்டும்.

திரும்பவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு ஏறியது. லியோன்சியோவின் குரல் தாழ்ந்து கேட்டது. எரிபெர்த்தோ செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்தார்.

லியோன்சியோ அந்த வாரம் வந்த பாகங்களை முந்தின நாளே பார்த்துவிட்டவர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, துருக்கிக்காரன் மாதிரியே கண்ணைச் சுருக்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நெரெய்தா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வா கூட்டாளி, உக்காரு."

"வேணாம். கிழவி, வீட்டுக்கு வா."

"வந்து? இருட்டுல கிளியப் பாக்கவா?"

"அந்த நாற்காலி நான் வாங்கினது."

"அப்ப எடுத்துட்டுப் போ." எழுந்துவிட்டாள்.

அவர் தூக்கினார். லியோன்சியோ மரியாதை தெரிந்தவர், பெஞ்சில் நகர்ந்து பலகையைத் துடைத்துவிட்டார். நெரெய்தா அங்கே போய் உட்கார்ந்தாள். இரண்டு தோளுக்கும் நடுவில் ஒரு ரொட்டி வைக்கலாம், அதுவும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ரேஷன் ரொட்டி.

வாசல் வரை போன எரிபெர்த்தோ திரும்பி வந்து நாற்காலியை இறக்கினார்.

"இதுலயே உக்காரு. முதுகு வலிக்கும்."

"வலிக்கல."

"எந்திரி, நெரெய்தா. நான்தான் யாமிலாகிட்ட ஏத்த வேணாம்னேன்."

"அது தெரியும். எதுக்குன்னு சொல்லு."

லியோன்சியோ விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிபெர்த்தோ நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார்.

"அந்தத் துருக்கிக்காரன் பாக்க ரொம்ப நல்லா இருக்கான்" என்றார் கடைசியில்.

நெரெய்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து யாமிலா வீட்டுக்கு நான் போறேன். உன்ன நம்ப முடியாது."

"சரி."

காலியான இடத்தில் எரிபெர்த்தோ போய் உட்கார்ந்தார். லியோன்சியோவை இடித்துக்கொண்டு, இனி யாருக்கும் இடமில்லாதபடி.

"மேல சொல்லுங்க" என்றாள் நெரெய்தா.

"மேல என்ன மேல? எனக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்லேர்ந்து சொல்லு."

"எண்பது பாகம் இருக்கு, கூட்டாளி."

"இருக்கட்டும். நீ சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."