விரித்த பலகைக்குப் பதினாலு

தோர்கைர், பனிச்சறுக்குத் தாவல் போட்டியின் நடுவர் கோபுரத்துப் படியில் ஏறும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஏறினார். கீழே கூடாரத்தில் வாஃபிள் ரொட்டி தின்றுகொண்டிருந்த கூட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. குதிமேட்டின் உச்சியிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தால் காலோடு போய்விடும் ஆட்கள், தாவலைப் பற்றி ஆளாளுக்கு நியாயம் பேசுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடிக்காதவன் ஸ்டைனார். மர அறுவை ஆலையில் வேலை பார்க்கும் அந்தப் பயல், காலில் மாட்டிய இரண்டு சறுக்குப் பலகைகளையும் ஒட்டி நேராகப் பிடிக்காமல், காற்றில் முன்பக்கம் அகல விரித்துக்கொண்டு பறந்தான். ஸ்வீடன்காரர்களிடமிருந்து தொற்றிய வியாதி அது என்று தோர்கைர் எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

இன்று வெல்பவனுக்குத் தேசிய அணியில் இடம். அந்த இடம், தானே குதிக்கச் சொல்லிக்கொடுத்த அக்கா மகன் ஐவிந்துக்குத்தான் என்று அவர் எப்போதோ முடிவுகட்டியிருந்தார். ஐவிந்தின் பலகைகள் கோடு போட்டதுபோல் போகும்.

பக்கத்து அறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஒட்லைஃபைப் பிடித்தார். இருவரும் முப்பது வருஷமாகச் சேர்ந்து மதிப்பெண் போடுகிறவர்கள்.

"இங்க பாருய்யா. நடுவர் அஞ்சு பேரு. கூடின மார்க்கையும் குறைஞ்ச மார்க்கையும் தூக்கிப் போட்டுடுவாங்க. நான் மட்டும் குறைச்சுப் போட்டா குப்பைக்குத்தான் போகும். நீயும் சேர்ந்து போட்டா ஒண்ணாவது கணக்குல நிக்கும்."

"யாருக்கு, அந்த ஆலைக்காரப் பயலுக்கா?"

"பலகையை எவன் விரிச்சாலும் சரி, இருபதுக்குப் பதினாலு. அதுக்கு மேல அரை மார்க் கிடையாது. தவளைக்கு எதுக்குய்யா அழகு மார்க்?"

ஒட்லைஃப் சிரித்தார். "நீ கையை இடுப்போட ஒட்டிக்கிட்டுக் குதிச்சப்ப, கையை முன்னாடி நீட்டிக் குதிச்ச பெருசுங்க உன்னை விறகுக்கட்டைன்னாங்க. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க காத்தாடி மாதிரி கையைச் சுத்தினாங்க. மறந்துட்டியா?"

"அது வேற."

"எப்பவுமே அது வேறதான். சரி, எவன் விரிச்சாலும் பதினாலு. சொன்னா சொன்னதுதான்."

முதல் சுற்றில் ஸ்டைனார், ஐவிந்தைவிட மூன்று மீட்டர் தள்ளி இறங்கினான். ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி, குறை சொல்ல முடியாத இறக்கம். அறிவிப்புப் பலகையில் இரண்டு பதினாலுகள் விழுந்தன. கூட்டம் ஊளையிட்டது. தூரத்துக்கான புள்ளியையும் அழகு மார்க்கையும் கூட்டியபோது, ஐவிந்து அரைப் புள்ளிக்குச் சற்று அதிகமாக முன்னால் நின்றான். ஊளையிடும் நாய்கள், என்று நினைத்தபடி தோர்கைர் காபியை உறிஞ்சினார்.

இரண்டாம் சுற்றிலும் ஸ்டைனார் அதே தூரம் போனான். அதே இரண்டு பதினாலுகள். இனி ஐவிந்து வழக்கம்போல் குதித்தாலே போதும். ஆனால் குதிமேட்டின் உச்சியில் நின்ற ஐவிந்துக்குத் தூரம்தான் தெரிந்தது. நடுவர் கோபுரத்தில் நடந்த கணக்கு தெரியாது.

அவன் விளிம்பைவிட்டு எழும்பினான். ஒரு நொடி பலகைகள் நேராக இருந்தன. பிறகு மெல்ல, பழக்கமில்லாதவனைப் போல், விரிந்தன.

பயல் ஒரு பக்கம் சாய்ந்தான், சமாளித்தான், ஸ்டைனார் இறங்கிய அதே இடத்தில் தடுமாறி இறங்கினான். ஒரு பலகை தனியாக ஓடப் பார்த்தது.

கேவலமான தாவல். ஸ்டைனாருடையதோடு பக்கத்தில் வைத்துப் பேச லாயக்கில்லாதது. பேனா தாளின் மேல் நின்றது. மற்றவர்கள் பதினாறு போடுவார்கள். ஒட்லைஃப் பதினாலு போடுவார். இவரும் பதினாலு போட்டால் அணியில் இடம் போச்சு.

பதினேழு என்று எழுதிக் கொடுத்தார்.

ஐந்து மதிப்பெண்களும் அறிவிப்புப் பலகையில் ஏறின. ஒட்லைஃபின் பதினாலு தனியாக நின்று குப்பைக்குப் போனது. ஐவிந்துக்கு முதலிடம். கூட்டம் ஊளையிடவில்லை, சிரித்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒட்லைஃப் தன் குவளையை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு கதவருகில் வந்தார்.

"தவளை உன் வீட்டுக் கிணத்துல இருந்தா மீனாயிடுமோ?"

தோர்கைர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஐவிந்து இன்னும் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஸ்டைனார்.

"எப்பலேருந்துடா இந்தக் கூத்து?" என்றார் தோர்கைர்.

"ரெண்டு வாரமா. சாயங்காலத்துல இவன்தான் சொல்லிக்கொடுத்தான்." ஐவிந்து திரும்பாமலே பேசினான். "என்னோடது இவனோடதைவிட அசிங்கமா இருந்துச்சு, மாமா. உங்களுக்குத் தெரியும்ல?"

"இடம் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. போறேன், போகாம என்ன? ஆனா அங்க எவனாவது யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டா, உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

ஸ்டைனார் அவரைப் பார்க்கக்கூட இல்லை. "வாடா, காலு மரத்துப்போச்சு" என்று ஐவிந்தை இழுத்துக்கொண்டு தன் பழைய காரை நோக்கி நடந்தான்.

இருவரும் நாலு பலகைகளையும் கூரைமேல் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். கட்டத் தெரியாத பயல்கள், முதல் வளைவிலேயே அவிழ்ந்துவிடும், என்று நினைத்தார் தோர்கைர். அதைச் சொன்னால் கேட்க அருகில் யாருமில்லை.