கூட்டணி கொடுத்த மணமகள்

கீழைக்கடலினின்று எழுந்த கதிரவன், பினாங்குத் தீவின் பழைய ஓட்டுக்கூரைகளையும் புதிய அடுக்குமாடிகளையும் ஒருங்கே பொன்னிறமாக்கிய தைப்பூசத்திற்கு முந்தைய நாட்காலையில், வெள்ளித்தேர் நகர் நடுவினின்று புறப்பட்டு, வழியெங்கும் குன்றெனக் குவித்த தேங்காய்கள் சிதறித் தெரு நனைய, டத்தோ கிராமாட் சாலையை நோக்கி ஊர்ந்து வந்தது. அச்சாலையோரத்து வீடொன்றின் மாடிச் சாளரத்தருகே, கட்டிவைத்த பெட்டி காலடியிற் கிடக்க, குமுதா நின்றிருந்தாள்.

தமிழறிந்த நெஞ்சினீர், இவளை யாரென்று எண்ணினீர்? வெள்ளையரை எதிர்த்துத் தோற்று, இத்தீவுக்கு நாடுகடத்தப்பட்ட பாளையத்தலைவன் ஒருவனின் வழித்தோன்றல். பத்து காவான் என்னும் ஊரில் உறவினர் இன்றும் இளவரசி என்றே விளிக்கும் பெண். அரசு போயிற்று, அரசியல் போகவில்லை. அவள் தந்தை சுகுமாரனும், கத்தோலிக்கரான ஆர்தரும் ஆளுக்கொரு கட்சி நடத்தி, தேர்தலில் தனித்தனியே நின்று இருமுறை மண்ணைக் கவ்வினர். பின்னர்க் கூட்டணி கண்டு, அதற்கு முத்திரையாக ஆர்தரின் மகன் ஜோனத்தனுக்குக் குமுதாவை மணமுடித்தனர். பெண் சமயம் மாற வேண்டா. ஆயினும் கத்தோலிக்க வாக்காளர் காணத் தேர்முன் அர்ச்சனைத் தட்டேந்தி நிற்கவும் கூடாது என்பது உடன்பாடு. பெண்ணை எவரும் கேட்கவில்லை.

ஈராண்டு கழிந்தது. ஜோனத்தன் நல்லவன், மிக நல்லவன், அதுவே அவள் துயரம். விருந்தினளிடம் பேசுவதுபோற் பேசினான். கதவைத் தட்டிவிட்டே அறைக்குள் நுழைந்தான். ஒருநாளேனும் உரிமையோடு கடிந்துகொள்ள மாட்டானா என்று ஏங்கி ஏங்கி அவள் இளைத்தாள். சென்ற கிழமை கூட்டணி முறிந்தது. "இனிமே அங்க என்னம்மா வேலை? தேர் வர்றப்போ கூட்டிட்டுப் போறேன்" என்று தந்தை சொல்லிவிட்டார். ஜோனத்தனோ அவள் பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.

தேர் நெருங்கியது. கீழே நகைப்பொலி எழவே, குமுதா இறங்கி வந்தாள். வாயிலில் ஜோனத்தன், தேநீர்த் தட்டொன்றில் நான்கு பச்சை இளநீர்க் காய்களை அடுக்கி, சூடத்திற்கு மாற்றாக மாதா திருநாளின் மெழுகுவத்தியை ஏற்றி, வியர்க்க விறுவிறுக்க நின்றான். அண்டை வீட்டார் வயிறு குலுங்கச் சிரித்தனர். குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது இளநீருங்க. இதைத் தேருக்கு உடைக்க மாட்டாங்க."

"தேங்காய்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு பாசார்ல வாங்கிட்டேன்லா. ரெண்டு வருசமா நீ மேலே நின்னே பார்த்தே. போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வாசல்ல நில்லு."

"அப்போ, நான் போகணுமா?"

கூட்டத்தை விலக்கி வந்த சுகுமாரன், "பெட்டி எங்கம்மா?" என்றார்.

ஜோனத்தன் தட்டைக் கீழே வைத்தான். "போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு, குமுதா? உன்னை நானா கேட்டுக் கட்டிக்கிட்டேன்?"

"இப்போ கேளுங்க."

மேளமும் மணியும் முழங்க, அவள் செவியருகே குனிந்து அவன் கேட்டான். அவள் கண்ணீர் வழியத் தலையசைத்தாள்.

"அப்பா, நீங்க தேரோட போங்க. நான் இங்கேயே இருக்கேன்."

நாட்டுக்காகவும் வாக்குக்காகவும் பெண்ணைக் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்தோர் எக்காலத்தும் பலர். அவள் நெஞ்சைக் கேட்டோர் மிகச் சிலர். கூட்டணிக்காகக் கொடுக்கப்பட்ட அரசமகள், கூட்டணி முறிந்த பின்னரே மனைவியானாள்.