அத்தானுக்குக் கொடுத்த பாஸ்வேர்ட்

அவளைக் கல்லூரிக்கு அனுப்பியதே அக்கா கணவர்தான். "போதும் படிச்சது" என்று அப்பா முறுக்கிக்கொண்டு நின்றபோது, "அவ படிக்கட்டும் மாமா, நான் பாத்துக்கறேன்" என்று குறுக்கே வந்து நின்றவர் அவர். அதனால், அவள் ஆராய்ச்சிப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது அத்தான் வந்து தலையைச் சொறிந்ததும் அவளால் மறுக்க முடியவில்லை.

"நானும் ஆய்வேடு எழுதிட்டிருக்கேன்ல. எதைத் தேடினாலும் தலைப்பும் சுருக்கமும்தான் வருது, உள்ள போக விடமாட்டேங்கறான். நான் பாடம் எடுக்கற காலேஜ் நூலகத்துல ஒண்ணுமே இல்ல. உன் யுனிவர்சிட்டி லைப்ரரி பாஸ்வேர்டைக் கொஞ்சம் குடேன். நாலே நாலு கட்டுரைதான்."

கொடுத்ததோடு நிற்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தாள். தேடுபொறியில் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் முழுக்கட்டுரைக்கான இணைப்பு வரும். தேடும் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டால் குப்பை குறையும். "வாத்தியாருக்கே பாடமா!" என்று சிரித்தார் அத்தான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை, குழாய்நீரில் கரையும் ஈயத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் திறக்கப் போனாள். கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்றது திரை. மதியமே நூலகர் கூப்பிட்டு அனுப்பினார்.

அவளுடைய கணக்கில், ஒரே சனி ஞாயிறில் இரண்டாயிரத்து முந்நூறு கட்டுரைகள் இறங்கியிருந்தன. பல் வேர் சிகிச்சை, பாலத்தில் விரிசல், தேனீக்களுக்கு வரும் நோய்.

"இதெல்லாம் நீங்க படிக்கறதுக்காம்மா? பதிப்பகத்துக்காரங்க மூணு நாளா நம்ம பல்கலைக்கழகத்துக்கே கதவைச் சாத்திட்டாங்க. யாருக்குக் கொடுத்தீங்க?"

அக்காவின் முகம் கண்முன் வந்தது. "யாருக்கும் இல்ல சார். லேப் கம்ப்யூட்டர்ல அப்படியே விட்டுட்டுப் போயிருப்பேன். என் கவனக்குறைவுதான்."

நூலகர் பெருமூச்சு விட்டு ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அத்தான் அந்தப் பாஸ்வேர்டைத் தன் மாணவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். அது தெரிந்து அவருடைய கல்லூரி விளக்கம் கேட்க, அவர் எழுதிய பதில் அது. 'என் மனைவியின் தங்கை இதைப் பலருக்கும் விற்றுவருகிறார். விவரம் அறியாமல் நானும் வாங்கிவிட்டேன்.' கீழே அவர் கையெழுத்து. கல்லூரி விண்ணப்பத்தில் அவளுக்குப் பாதுகாவலராகப் போட்ட அதே கையெழுத்து.

வெளியே வந்து அக்காவை அழைத்தாள்.

"தெரியும்டி. எழுதும்போது நானும் பக்கத்துலதான் இருந்தேன். அவருக்கு வேலையே போயிடும்னாங்க. நீ படிக்கற பொண்ணு, உன்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்க."

"நான் வித்தேன்னு எழுதியிருக்காருக்கா."

"ஏதாவது எழுதித்தானே ஆகணும்?"

அத்தான் குழி பறித்தார், சரி. மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது கூடப் பிறந்தவளா! படிக்கட்டிலேயே நின்று, ஃபோனில் அத்தானின் பழைய செய்திகளைத் தேடி எடுத்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள்.

"சார், முதல்ல சொன்னது பொய்" என்று ஃபோனை நீட்டினாள். 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, இன்னொரு தடவை அனுப்பும்மா. யாருக்கும் தரமாட்டேன், சத்தியமா' என்ற அத்தானின் செய்தி அதில் அப்படியே இருந்தது.

விற்றாள் என்ற பழி நீங்கியது. ஆனால் கொடுத்தது தப்புதானே? ஒரு பருவம் முழுக்க நூலகக் கணக்கு கிடையாது என்றார்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் தேடிப் பார்த்து, முழுக்கட்டுரையைக் கேட்டு, எழுதியவர்களுக்கே ஒவ்வொருவராக மின்னஞ்சல் அனுப்பினாள். பதினொரு பேரில் ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், 'இதைப் படிக்கவும் ஆள் இருக்கிறதா!' என்று வியந்து, கேட்காத ஏழு கட்டுரைகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

அத்தானின் கடிதத்தைப் படித்தபோது அழாதவள், முன்பின் தெரியாத அந்த மனிதரின் இரண்டு வரியைப் படித்து விசும்பி விசும்பி அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவருக்கு நன்றி எழுத உட்கார்ந்தாள்.