பதினோரு கோபங்கள்

லேத்தை நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தேன். பள்ளிக்கூடத்து நம்பர் என்றால் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேச எனக்குத் தைரியம் வராது. "சார், லாஸ்யா காலைல இருந்து பதினோரு தடவ கோவப்பட்டுட்டா. கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார் வகுப்பாசிரியை லோகப்பிரியா. கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் பட்டறையைப் பூட்டி வண்டியைக் கிளப்பினேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. நான்கு இலக்க எண்ணை நான்கு இலக்க எண்ணால் மனக்கணக்காகவே பெருக்குவாள். ஆனால் கணக்கு பாதியில் இருக்கும்போது பெல் அடித்துவிட்டால் போதும், நோட்டு பறக்கும், அவள் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் தெரபி. அப்போது விட்டுப்போகும் பாடத்தை சாயங்காலம் நான் சொல்லிக்கொடுப்பேன், அவள் என்னைத் திருத்துவாள். இந்த ஒரு மாசம் பார்ப்போம், மாறவில்லை என்றால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரின்சிபல் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. சிங்காநல்லூரில் நாங்கள் ஏறி இறங்கியதில் இவளைச் சேர்த்துக்கொண்ட ஒரே பள்ளி அது.

தெரபிஸ்ட் ஹாரிகா போன வாரம்தான் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கோபம் வந்தால் பத்து வரை எண்ணி அடக்க வேண்டும். அடக்கினால் அட்டையில் மிஸ் ஒரு ஸ்டார் போடுவார். பத்து ஸ்டார் சேர்ந்தால் பட்டறையில் கிடக்கும் பழைய மோட்டாரை அவளே பிரித்துப் பார்க்கலாம்.

பிரின்சிபல் அறையில் லாஸ்யா அட்டையோடு நின்றிருந்தாள். "மிஸ் ஸ்டாரே போட மாட்டேங்கறாங்கப்பா."

"எப்படிங்க சார் போடறது?" என்றார் லோகப்பிரியா. "திடீர்னு எந்திரிக்கறா, பல்லக் கடிச்சுட்டுக் கத்தறா, உடனே பத்து எண்ணிப்போட்டு அட்டைய நீட்டறா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா! மத்த புள்ளைங்களும் சேந்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க."

"ஏனம்மணி இப்படிப் பண்ற?"

"அடக்குனாத்தான ஸ்டாரு? காலைல இருந்து கோவமே வரலீங்கப்பா. வராம எதைய அடக்கறது? அதான் நானே வரவெச்சேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பயத்தில் விழுங்கிக்கொண்டேன். லோகப்பிரியா மட்டும் சட்டென்று அவள் பக்கம் குனிந்தார். "பர்ஸ்ட் பீரியட் பெல் அடிச்சப்ப நீ கணக்கு முடிக்கலியே?"

"முடிக்கல மிஸ். நாளைக்குப் போட்டுக்கலாம்னு உட்டுப்போட்டேன்."

பிறந்ததிலிருந்து சோற்றுத்தட்டைத் தவிர எதையும் பாதியில் விட்டவள் இல்லை என் மகள். இன்றைக்கு விட்டிருக்கிறாள். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, அவளே பெரிதாக நினைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரின்சிபல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சிரிப்பை அடக்குவதில் தோள் லேசாகக் குலுங்கியது. "மாசக் கடைசில பேசிக்கலாங்க" என்றார், திரும்பாமலே.

லோகப்பிரியா கையை நீட்டினார். லாஸ்யாவுக்கு யாரும் கையைப் பிடித்தால் ஆகாது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு மிஸ்ஸின் சுண்டுவிரலை மட்டும், சூடான டம்ளரைத் தொடுவதுபோல் பிடித்துக்கொண்டாள். இருவரும் வராந்தாவில் மெதுவாக நடந்து போனார்கள். விரல் நழுவிவிடாதபடி மிஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார்.