முன்னே வந்து போனவர்கள்

முதல் தடவை நடந்தபோது இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கடற்கரையை ஒட்டிய சின்ன லாட்ஜ் அது. வேனை நிறுத்திவிட்டுப் பைகளோடு உள்ளே நுழைந்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் எழுந்து நின்றார். "வாங்க சார், வாங்க மேடம். போன தடவை தங்கின ரூமே காலியாத்தான் இருக்கு. அதையே போட்டுடவா?"

அந்த ஊருக்கு அவர்கள் அதற்கு முன் வந்ததே இல்லை. "சரி, அதையே போடுங்க" என்று கணவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வருஷம் மேலேயும் கீழேயும் போய்வந்தே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று, "இனிமே கொஞ்சம் குறுக்கால போவோம்" என்று சொல்லி, கையில் வந்த பணத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் தன் கையாலேயே பொருத்தினார். அவள் வங்கியில் வேலை பார்த்தவள். வருகிற காசோலைகளின் கையெழுத்தை, வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு சுழி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கணவரும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார். ஒரே மகள். பிசியோதெரபிஸ்ட். கல்யாணமாகி நகரத்தில் இருந்தாள். இனி யாருக்காகவும் ஓட வேண்டியதில்லை என்பதால் கால் போன போக்கில் போனார்கள்.

இரண்டாவது தடவை ஒரு நெடுஞ்சாலைக் கடையில் நடந்தது. டீ கொடுத்த பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "சார் விட்டுட்டுப் போயிட்டீங்க. எப்படியும் வருவீங்கன்னு எடுத்து வச்சேன்."

கணவர் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அவருக்கு இடது கண்ணுக்கு ஒரு பவர், வலதுக்கு வேறு பவர். கடைச் சுவரில் இருந்த விலைப்பட்டியல் பளிச்சென்று தெரிந்தது. "சும்மா கிடைச்சுது பாரு" என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. "முதுகு வலி தேவலையா சார்?" என்று ஒரு மருந்துக் கடைக்காரர் கேட்டார். "மகளுக்குப் பொண்ணு பிறந்துச்சே, எப்படி இருக்கு?" என்று ஒரு பஸ் கண்டக்டர் கேட்டார். மகளுக்கு அப்போது குழந்தையே இல்லை. மகளிடம் போனில் சொன்னபோது, "அம்மா, வர்றவங்க எல்லாருகிட்டயும் தெரிஞ்ச மாதிரி பேசுறது அவங்க தொழில். நீ எல்லாத்தையும் பெருசு பண்ணாதே" என்று முடித்துவிட்டாள்.

மூன்றாவது வருஷம், ஆற்றங்கரை ஊர் ஒன்றின் விடுதியில் அதே கதை நடந்தபோது, அவள் பதிவேட்டைக் காட்டச் சொன்னாள். விடுதிக்காரர் பக்கங்களைப் புரட்டி விரலை வைத்தார். கணவர் பெயர், வீட்டு முகவரி, வேன் நம்பர். பக்கத்தில் அவள் கையெழுத்து. கடைசி எழுத்தை முடித்துவிட்டு, பேனாவை எடுக்காமல் பின்னால் இழுத்து ஒரு சின்ன புள்ளி வைப்பாள். யாரும் பார்த்துப் பழக முடியாத பழக்கம் அது. புள்ளி இருந்தது. முப்பது வருஷ வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான், கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தக் கையெழுத்து அவளுடையது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. அந்த நாளில் அவர்கள் இரண்டு பேரும் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை இரண்டு நாள் அவரிடம் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். சொன்னபோது அவர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். "நம்மளைவிட நல்ல ரூமா பார்த்து எடுக்குறாங்கன்னா சரி" என்றார். ஆனால் மூக்குக் கண்ணாடியை அன்றைக்கே எடுத்து வேனின் அடிப்பெட்டியில் போட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் ஒரு மலை ஊர். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வேனை ஓரங்கட்டப் போக, அவள் மட்டும் முதலில் விடுதிக்குள் நுழைந்தாள். விடுதி நடத்துகிற அம்மாள் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? போன மாசம் நீங்க அழுதுக்கிட்டே போனதுல இருந்து எனக்கு மனசே சரியில்லை. சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களா? தனியா இப்படி அலையாதீங்க."

"தனியாவா?"

"ஐயா போனப்புறம் வீட்ல இருக்க முடியலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்போது அவர் இரண்டு பைகளோடும் படியேறி வந்தார். மழைத்துளியைத் தலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு, "ரூம் இருக்காம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் பிடித்திருந்த கைகளை மெல்ல விட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து போய் சுவரில் முட்டி நின்றாள்.

அன்றைக்கு அவர்கள் அங்கே தங்கவில்லை. மலையிலிருந்து இறங்குகிற பாதையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, வைப்பர் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போற வண்டி கவுந்துச்சுன்னா நாமளும் அதே பள்ளத்துல போய் விழணும்னு என்ன இருக்கு?" என்றார். "ரோட்டை மாத்திட்டாப் போச்சு. அவங்க வராத ஊரா ஒண்ணு பார்ப்போம். அங்கேயே உட்கார்ந்துடுவோம்."

அப்படித்தான் தேடினார்கள். ஒரு ஊருக்குள் நுழைந்ததும் அவள் இறங்கி மளிகைக்கடை, பெட்ரோல் பங்க், தபால்காரர் என்று யார் அகப்பட்டாலும், "எங்களை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பாள். பார்த்திருக்கிறேன் என்று ஒருத்தர் சொன்னாலும் வண்டி கிளம்பிவிடும். பதினோராவது ஊரில் ஒரு ஏரி. ஏரிக்கு மேலே மரம் அடர்ந்த சரிவு. சரிவின் அடியில் மரம் அறுக்கும் மில். மில்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டு அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "இல்லையே. நீங்க யாரு?"

யாரோ தலையில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கி மரவீடு கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம். கட்டி முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. தரைக்கு மேலே கல்தூண் எழுப்பி, அதன் மேல் கனத்த சட்டங்களைப் பரப்பி, பலகை அடித்தார்கள். லிஃப்டுக்குத் தண்டவாளம் பொருத்துகிறவர் நூல்குண்டு தொங்கவிட்டுத்தான் நேர் பார்ப்பார். இங்கேயும் ஒவ்வொரு சுவருக்கும் நூல்குண்டுதான். "வீடு மேலே கீழே போகப் போறதில்லை சார், கொஞ்சம் கோணினா என்ன?" என்று மில்காரர் கிண்டல் பண்ணினாலும், சட்டத்தைத் தூக்குகிற நாளில் முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தார். கதவை முதலில் தலைகீழாக மாட்டிவிட்டு, தாழ்ப்பாள் முழங்காலுக்கு வந்ததும்தான் கவனித்தார்கள். விடுமுறைக்கு வந்த மகள் தரைக்கு வார்னிஷ் பூசினாள். மருமகன் கட்டைவிரலைச் சுத்தியலால் நசுக்கிக்கொண்டு இரண்டு நாள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பேத்தி பலகை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினாள்.

சந்தோஷமான காலம்தான். ஆனால் அவள் ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்திருந்தாள். மூச்சு வாங்கினால் கேட்பாள், இருமினால் எட்டிப் பார்ப்பாள். கூரைத் தகரம் போட ஏணியில் ஏறினபோது ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னாள்.

"ஏய் பூதக்கண்ணாடி, முப்பது மாடி உயரத்துல தொங்கினவன்டி நான்."

"அப்ப எனக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

அவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். தகரத்தை மில்காரர்தான் போட்டுக்கொடுத்தார்.

வீடு முடிந்த வருஷம், இலை உதிர்கிற காலத்தில் ஒரு மத்தியானம். அவர் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். அவள் வெளியே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சரிவில் ஒருத்தி ஏறி வந்தாள். ஒவ்வொரு நாலு எட்டுக்கும் நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு விட்டாள். இவளும் அப்படித்தான் ஏறுவாள். பழுப்பு நிற ஸ்வெட்டர். அதே ஸ்வெட்டர் உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தவள் படிக்குக் கீழே நின்றாள். முகம் இவளுடையதுதான், உப்பு போடாத சாப்பாடு மாதிரி இருந்தது. இவள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஊர்ல நாங்க இறங்கவே இல்லை" என்றாள் வந்தவள். "அவருக்கு நிக்கப் பிடிக்காது. போய்க்கிட்டே இருந்தோம். நீங்க கட்டினீங்களா இதை?"

"ரெண்டு பேருமா கட்டினோம்."

"நூல்குண்டு வச்சிருப்பாரே."

இவள் தலையாட்டினாள்.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வந்தவளின் கை படிப்பலகையை மெல்லத் தடவுவதைப் பார்த்ததும், நகர்ந்து வழிவிட்டாள். ஏன் விட்டோம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தாள்.

வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கட்டில் பக்கத்தில் நின்று அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். அவர் எப்போதும் போல் போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தார். அதை எடுத்துக் கால்களின் மேல் போட்டு, ஓரத்தைப் பாதத்துக்கு அடியில் செருகினாள். இவள் தினமும் செய்வதுபோலவே. அவர் தூக்கத்திலேயே "ம்" என்றார். அந்த "ம்" தனக்கு வந்ததா அவளுக்குப் போனதா என்று வாசலில் நின்றவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வந்தவள் முகம் துடைத்துக்கொண்டாள். "அது எப்படி நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம். சொல்லாதீங்க."

"சரி." கொஞ்ச நேரம் இரண்டு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவான, நியாயமான குரலில் கேட்டாள். "நீ ஒரே ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போயிட்டு வாயேன். நான் இங்க இருக்கேன். அவருக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டைப் பத்திரமாப் பார்த்துப்பேன்."

இவள் வாசலை மறித்து நின்றாள். அதைச் சொன்ன குரல் கெட்டவளின் குரல் இல்லை. பசித்தவளின் குரல்.

"போங்க" என்றாள். "தயவுசெஞ்சு போயிடுங்க."

வந்தவள் வாக்குவாதம் பண்ணவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மில்லைத் தாண்டி மரங்களுக்குள் மறையும்வரை இவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தாள். சாயங்காலம் அவர் எழுந்ததும் நடந்ததைச் சொன்னாள். கடைசியாகக் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"பாவம், ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றார் அவர்.

அதன்பிறகு அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு அவள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. மகளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனபோது பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டார்கள். அவருக்கோ காய்ச்சல், பயணம் பண்ண முடியாது. அவள் போகவில்லை. ஒரு வாரம் நீ போ, நான் சமாளிச்சுக்கிறேன் என்று அவரே சொன்னபோது அவள் போட்ட கூச்சலில் மில்காரர் ஓடிவந்தார். மகள் எட்டு மாசம் சரியாகப் பேசவில்லை. அந்த வருத்தம் பிறகும் முழுசாக ஆறவில்லை.

வந்தவள் திரும்ப வரவே இல்லை. அவர் அந்த வீட்டில் இன்னும் ஏழு வருஷம் இருந்தார். நகரத்து ஆஸ்பத்திரியில், மாரடைப்பு வந்த மூன்றாம் நாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போனார். ஏழு வருஷம் கூடக் கிடைத்ததா, இல்லை முதலிலிருந்தே அவ்வளவுதானா என்று கேட்க யாருமில்லை.

வருஷம் திரும்பியதும் மகள் வந்து கூப்பிட்டாள். "அம்மா, வேன் சும்மாதானே நிக்குது. பத்து நாள் எல்லாருமா கடற்கரைப் பக்கம் போயிட்டு வருவோம். இந்த வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா உனக்குத்தான் கஷ்டம்."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆசைதான் பயமாக இருந்தது. ஏதாவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு சரிவின் மேல், அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கக்கூடும். அதைப் பார்த்தால் தான் வெறுமனே பார்த்துவிட்டு மட்டும் திரும்பி வருவோம் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"முட்டி வலிக்குதும்மா. அவ்வளவு தூரம் உட்கார முடியாது."

மகள் உடனே மண்டிபோட்டு அவள் முட்டியை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தாள். "முட்டி நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் டீ போட எழுந்து போனாள்.